கொழுந்தனார் விட்டுப்போன அண்டாவும் கடனும்

செத்தவர் கடையை ஏறக்கட்டிக் கடன்காரர்களுக்குப் பதில் சொல்வதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தினமும் உண்டு. பட்டவர்களுக்குத் தெரியும்.

இதை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவன் என் தம்பி, வாடிப்பட்டியில் வக்கீல் குமாஸ்தா. எழுபதுகளின் கடைசியில், கோரிப்பாளையத்தில் பாத்திர வாடகைக் கடை வைத்திருந்த என் கொழுந்தனார் இறந்து, பால் தெளித்துவிட்டு வந்த அன்றே சொன்னான். அவருக்குக் கல்யாணமில்லை; என் வீட்டுக்காரரும் முன்பே போய்விட்டதால் என் மகன் முருகேசன்தான் கொள்ளி வைத்தான். கடையை அப்படியே விற்றாலும் கடனில் கால்வாசிதான் தேறும். முருகேசனின் மில் சம்பளத்தை நம்பித்தான் அவன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பி சொன்னது இதுதான்:

"கடை எம்புட்டுக்குப் போகுதோ அம்புட்டுக்குத்தான் அவன் பொறுப்பு. புதுசா புரோநோட்டுல கையெழுத்துப் போட்டான்னா சித்தப்பன் கடன் அவன் கடனாயிரும். விட்றாதக்கா."

உருமா

கருமாதியில் முருகேசனுக்கு உருமா கட்டினார்கள். அந்தத் தலைப்பாகையைக் கட்டினவன்தான் இனி வீட்டுக்குப் பொறுப்பு என்பது எங்கள் வழக்கம். துணியின் மடிப்புக்கூடக் கலையவில்லை, வட்டிக்கடைக்காரர் புது நோட்டை எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இருப்பதிலேயே பெரிய கடன் அவருடையது. முருகேசன் ரோஷக்காரன்; நாலு பேர் பார்க்கிறார்களே என்று கையை நீட்டப் போனான். நான் மீனாட்சியை மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டு நடுவில் போய் நின்று, "கடைய வித்த பெறகு பேசுவோம்ணே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"கொள்ளி வச்சான், உருமா கட்டினான், பாயசம் வரைக்கும் சாப்பிட்டான். கையெழுத்துக்கு மட்டும் அம்மாவக் கேக்கணுமாக்கும்?"

அண்டா

விற்றதில் முதலில் வேலையாட்களின் கூலி, மீதியில் எல்லாருக்கும் கடனுக்குத் தக்க பங்கு என்று தம்பி ஏற்பாடு செய்தான். அதுவரை ஒரு சாமானும் வெளியே போகக் கூடாது. கொழுந்தனார் பாக்கி வைத்திருந்த மளிகைக்கடைக்காரரின் சம்சாரம் தள்ளுவண்டியோடு வந்து பெரிய அண்டாவில் கை வைத்தாள். கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. கொடுத்தால் மற்றவர்கள் தங்கள் பங்கு குறைந்ததென்று முருகேசனைப் பிடிப்பார்கள். கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் வண்டியைத் திருப்பவில்லை.

"அண்டா வேண்டாம், போகுது. ஒரு கரண்டியாவது குடுங்கக்கா. வெறும் வண்டியத் தள்ளிட்டுப் போனா தெருவே சிரிக்கும்."

விளக்கு

நிறுவை நாளில் பழைய பாத்திரம் எடுக்கும் பாய் தராசு கட்டினார். வட்டிக்கடைக்காரர் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி என் முன்னால் வைத்தார். "வேற ஒண்ணும் ஒளிச்சு வைக்கலைன்னு அணைச்சு சத்தியம் பண்ணு தங்கச்சி. இல்லைன்னா மகன் கையெழுத்துப் போடட்டும்" என்றார். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. நான் தினமும் ஏற்றும் குத்துவிளக்கு, ஒரு தீபாவளிக்குக் கொழுந்தனார் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்தது. கொடுத்தாரா, இரவலா, நான் கேட்டதே இல்லை. அடுத்த தெருவில்தான் வீடு. போய், திரியை எடுத்துவிட்டு, விளக்கைக் கொண்டுவந்து குவியலில் வைத்தேன்.

அதற்குள் கற்பூரம் தானாக அணைந்திருந்தது. மறுபடி ஏற்றுவாரோ, இன்னும் எதையாவது மறந்திருக்கிறேனோ என்று வட்டிக்கடைக்காரரையே பார்த்தேன். அவர், "எண்ணெயத் துடைச்சுட்டு நிறுங்க பாய்" என்றார், அவ்வளவுதான். கடைசியில் தன் பங்கை எண்ணி வாங்கிக்கொண்டு, கொழுந்தனாரின் பழைய நோட்டை முருகேசனிடம் நீட்டினார்.

"மிச்சத்த உங்க சித்தப்பன்கிட்ட நான் அங்க போயிக் கேட்டுக்கிறேன். சட்டுன்னு கிழிச்சுப் போடு மாப்ள, உங்கம்மா மறுபடியும் வீட்டுக்குள்ள தேடப் போயிரப் போறாக."

உங்கள் வீட்டுப் பிள்ளையும் யாருக்காவது கொள்ளி வைத்துவிட்டு வந்தால், கணக்கு முடிகிறவரை அவன் சட்டைப் பையில் பேனா மட்டும் வைக்க விடாதீர்கள்.