செத்தவர் எனக்கு என்ன முறை

கொழும்பிலிருந்து படம் எடுக்க வந்தவர்கள் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடான லயத்து வாசலில் ஒரு பாடையைக் கட்டினார்கள். பச்சை மூங்கில், நல்ல மூங்கில். பிறகு அதை என் வீட்டுக்காரர் அவரைக்குப் பந்தல் போட எடுத்துக்கொண்டார், அது இருக்கட்டும். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஒருவர் வேண்டும் என்று டைரக்டர் என்னைக் காட்டினார். முகம் படத்தில் பெரிதாக வரும் என்றார். அந்தச் சந்தோசத்தில் சோற்றையே மறந்துவிட்டேன்.

வசனக் காகிதம் ஒன்று கொடுத்தார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பிணமாகப் படுத்திருந்தவரைப் பார்த்தேன். மீசை வைத்த சின்னப் பிள்ளை.

"இவரு எனக்கு என்ன முறை, தம்பி?" என்று டைரக்டரைக் கேட்டேன்.

"முறையெல்லாம் இல்லம்மா. கதையில ஒரு ஆளு. சும்மா அழுங்க."

"முறை தெரியாம எப்படி அழுவுறது? அண்ணனுக்கு ஒரு ஒப்பாரி, கொழுந்தனுக்கு ஒரு ஒப்பாரி."

டைரக்டர் கதைப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இல்லை. "சரி, புருசன்னு வைங்க."

"நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன்" என்றார் வேலியோரம் நின்ற என் வீட்டுக்காரர்.

எதிர் லயத்துக்காரி புருசனை இழந்தவள். உடனே முன்னால் வந்தாள். "நான் அழுவுறேன் தம்பி. எனக்கு அந்தத் தொல்லை இல்ல."

எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. "கூடப் பொறந்த தம்பின்னு வைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

இடுப்பில் தூக்கி வளர்த்ததையும், ராகலைச் சந்தையில் எனக்குக் கம்பளி வாங்கித் தருவதாகச் சொல்லி அவன் ஏமாற்றியதையும் சொல்லி அழுதேன். எனக்குத் தம்பியே கிடையாது. ஆனாலும் தானாக வந்தது. பாதியில் டைரக்டர் கட் என்று கத்தினார். பிணத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"செத்தவரு அழக்கூடாது" என்றார் டைரக்டர்.

"எங்க அக்கா ஞாபகம் வந்துருச்சு சார்" என்றது பிணம்.

இன்னும் மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் பிணம் தேம்பியது. மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கியது. டைரக்டர் என் பக்கத்தில் குந்தி, காதோடு சொன்னார்: "அம்மா, கொஞ்சம் மோசமா அழுங்க."

நாற்பது வருசம் கொழுந்து பறித்தேன். வேலையை மோசமாகச் செய் என்று ஒரு கங்காணியும் சொன்னதில்லை.

"அரைகுறையா அழுதா செத்தவருக்கு ஆகாது, தம்பி."

"அப்ப எதிர் லயத்து அம்மாவக் கூப்பிடவா?"

அவள் அதற்குள் தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தாள்.

"வேட்டியால மூஞ்ச மூடுங்க" என்றேன். "உள்ளுக்குள்ள அவரு அழுதா யாருக்குத் தெரியும்?"

டைரக்டர் ஒரு வேட்டியை எடுத்துவரச் சொன்னார். மூடினார்கள். ஒரே தடவையில் முடிந்தது. வேட்டி மட்டும் லேசாகக் குலுங்கியது, காற்று என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "எனக்கும் அப்படி அழுவியா?"

"மூஞ்ச மூடிட்டுப் படுங்க, பாப்போம்" என்றேன்.