ஜல்லியில் தக்காளி வளர்த்தேன்

மண் இல்லாமல் பயிர் வளர்க்கிறவன் கையில் அழுக்கு ஒட்டாது; ஊரார் பேச்சுதான் ஒட்டும். ராத்திரி வேலை பார்த்துவிட்டு, விடிந்ததும் வேறு ஏதாவது செய்து உருப்படலாம் என்று நினைக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் நான் நைட் வாட்ச்மேன். பதினாறு வருஷம் இருட்டைக் காவல் காத்ததில் எனக்கே என்னைப் பிடிக்காமல் போயிருந்தது. தங்கிப் போன யாரோ விட்டுச்சென்ற ஆங்கிலப் புத்தகம் ஒன்றை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஜல்லி நிரப்பிய தொட்டியில் உரம் கரைத்த தண்ணீரை மோட்டார் வைத்து ஓடவிட்டால் தக்காளி காய்க்கும் என்றது. மேனேஜரிடம் சொன்னேன். சமையலறைக்கு மூன்று மாதம் தவறாமல் தக்காளி கொடுத்தால், என்னை லாட்ஜ் தோட்டத்துக்குப் பகல் ஆளாகப் போடுவதாக வாக்குக் கொடுத்தார். நாலு பேரைப் போல ராத்திரியில் தூங்கலாம். அந்த ஒரே ஆசையில் வீட்டுக்குப் பின்னால் ஆறு சிமென்ட் தொட்டி கட்டினேன்.

மருந்துக்கடையில்

செடிக்கு மெக்னீசியம் வேண்டும் என்றது புத்தகம். விசாரித்தால் அது நம்ம பேதி உப்புதான். மருந்துக்கடையில் ஒரு கிலோ கேட்டேன். கடைக்காரர் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று விளக்கிவிட்டுப் பொட்டலம் கட்டினார். அடுத்த மாதம் மறுபடி ஒரு கிலோ. மூன்றாவது தடவை போனபோது கடையில் நல்ல கூட்டம். தூங்காமல் வீங்கிப்போன என் முகத்தைப் பார்த்தவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

“ஏனுங்கண்ணா, ரெண்டு கிலோ தின்னும் இன்னும் போகலீங்களா? பேசாம சேலம் பெரியாஸ்பத்திரிக்கே போயிருங்க.”

சடையன் பார்வையிட்டது

பக்கத்துத் தோட்டத்துச் சடையன் பரம்பரையாக மலையில் சாமை விதைக்கிறவர். அந்த வருஷம் ஆசைப்பட்டு அவர் போட்ட தக்காளி வாடல் நோயில் மொத்தமாகப் போயிற்று. என்னுடையது நெஞ்சுயரம் நின்றது. ஒரு களை பிடுங்கவில்லை. ஓடிய தண்ணீரே திரும்ப ஓடுவதால் தண்ணீர்ச் செலவும் கம்மி. கொஞ்சம் கர்வத்தோடுதான் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஜல்லியை விலக்கி வேரைப் பார்த்தார். ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, வியாதிக்காரரைப் பார்க்க வந்தவர் போலத் தணிந்த குரலில் சொன்னார்:

“செடி நொம்ப நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா குளுக்கோஸ் ஏத்திப் படுக்க வெச்ச ஆளாட்ட இருக்குது.”

அறுப்பின் பண்டிகை

எங்கள் சர்ச்சில் முதல் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். காப்பி, ஆரஞ்சு, சேனை எல்லாம் வந்திருந்தன. நானும் ஒரு கூடை தக்காளி வைத்தேன். அதைக் கேட்க ஆளில்லை. உரத் தண்ணீர் குடித்த பழம், வயிற்றுக்கு ஆகாது என்று பின் வரிசையில் முணுமுணுப்பு. கடைசியில் ஒரே ஒரு குரல் கேட்டது. என் மனைவி ரெஜினாவுடையது. எங்கள் தக்காளியை நாங்களே ஏலம் எடுத்தோம். எங்கள் தக்காளி காணிக்கையில் சேர்த்தியா இல்லையா என்று, பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரை வாசலில் கேட்டேன். பாவம், நெளிந்தார்:

“நிலத்தோட முதற்பலன்னுதானுங்க எழுதியிருக்குது. தொட்டியப் பத்தி பாதிரியாரக் கேட்டுத்தான் சொல்லோணும்.”

பதினொன்றாவது வாரம்

சமையலறைக்குப் பத்து வாரம் தவறாமல் தக்காளி போயிற்று. இன்னும் கொஞ்ச நாள்தான். சித்திரை வெயில். ரெஜினா நாகலூர் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தாள். நான் டியூட்டி முடிந்து வந்து, மோட்டார் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் படுத்தேன். கரண்ட் போனது தெரியாது. ஜல்லி ஈரத்தைப் பிடித்து வைக்காது. நாலு மணிக்கு எழுந்து பின்னால் போனால், ஆறு தொட்டியிலும் செடிகள் துவண்டு தொங்கின. ரெஜினா வந்ததும் இருவரும் குடம் குடமாக ஊற்றினோம். மறுநாள்தான் கரண்ட் வந்தது. பிழைத்த செடிகளிலும் பூவும் பிஞ்சும் உதிர்ந்துவிட்டன.

மேனேஜரிடம் போய் நின்றேன். எனக்குப் பகல் வேலை இருந்திருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன், பகலில் விழித்திருப்பேன், செடியும் பிழைத்திருக்கும் என்று வாதாடினேன். அவர் கெட்டவர் இல்லை. கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீங்க சொல்றது நெசந்தானுங்க, தேவசகாயம். ஆனா பகல்ல தூங்கிப் பயிரக் காயவுட்ட ஆளப் பகல் டியூட்டிக்குப் போட்டேன்னு மொதலாளிகிட்ட எப்படிங்க சொல்லுவேன்? ராத்திரிக்கு நேரத்துல வந்துருங்க.”

மண்ணில்லாப் பயிரில் களை இல்லை, கொத்து இல்லை, வாடல் நோய் இல்லை, எல்லா நன்மையும் உண்டு. நாம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் செடியைப் பார்த்துக்கொள்ள மண் இல்லை என்பது ஒன்றுதான் குறை.