ஓகே சொல்லக் கூடாத ரூம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ஒயின் ஷாப்புக்குப் போனால் எங்கள் தெருவில் ஒருத்தனும் ஏன் என்று கேட்க மாட்டான். தள்ளாடி வந்தால்கூட, ஆம்பளைக்கு ஆயிரம் கவலை இருக்கும் என்று ஒதுங்கி வழி விடுவார்கள். நான் மீஞ்சூரில் ரயில் ஏறி பொன்னேரியில் இறங்கி, ஒரு மாடி ரூமில் ஏழெட்டுப் பேரோடு பாயில் உட்கார்ந்து, மனசு எப்படி இருக்கிறது என்று பேசிவிட்டு வருகிறேன். அதற்குத்தான் இவ்வளவு கேள்வி.

என் பெண்டாட்டியின் அண்ணன் வீட்டுக்குள்ளேயே வந்து கேட்டான். "இன்னா மாப்ள, பொம்பளைங்களோட குந்திகினு அழுவுறியாமே. உனுக்கு இன்னா கொறச்சல்? ஊடு கீது, வேல கீது."

என்ன குறைச்சல் என்று கேட்கிறவன் எவனும் பதில் வரும்வரை நிற்பதில்லை. அவனும் காபியைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் எட்டாவதோடு நின்றவன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டுகிறேன். அடியில் தகடு வைத்தால் மேலிருந்து இறங்கி ஒரே அடியில் வளைத்துக் கொடுக்கிற மெஷின். சின்ன வயசிலிருந்தே எனக்குப் பயம் அதிகம். கேஸை மூடினேனா என்று ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வருகிற ஆள். ஆனால் இந்த நோய் வந்தபோது அந்தப் பயமும் போய்விட்டது. கேஸ் திறந்திருந்தால் இருக்கட்டுமே என்று தோன்றியது. சோறு மண் மாதிரி இருந்தது. குளிக்க எழுந்திருப்பதை நினைத்தாலே களைப்பாக இருந்தது. பயந்தாங்கொள்ளி பயப்படாமல் உட்கார்ந்திருக்கிறான் என்றால் ஏதோ கெட்டுப்போச்சு என்று என் பெண்டாட்டிக்குத்தான் முதலில் புரிந்தது. அவள்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதினார். பொன்னேரியில் இப்படி ஒரு கூட்டம் நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றும் சொன்னார். மாத்திரை தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. தூங்கி எழுந்த பிறகு யாரிடம் என்ன பேசுவது என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

கூட்டத்தை நடத்துகிற அக்காவுக்கும் இதே நோய் வந்திருக்கிறது. முன்பு செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவர். முதல் நாள் என்னைப் பார்த்து, "எப்டி கீறீங்க?" என்றார்.

"ஓகேக்கா."

"இன்னா வேல பண்றீங்க?"

"பிரஸ்ஸு."

"ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளுக்கு மெஷின ஹேண்டோவர் பண்ணுவீங்க இல்ல? இன்னா சொல்லுவீங்க?"

"மெஷின் எப்டி கீதுன்னு சொல்லுவோம். இங்க சூடாவுது, இங்க சத்தம் வருது, கிளட்ச்சு மாட்டிக்கினு ரெண்டு தபா எறங்குது, கைய ஜாக்கிரதையா வையி."

"பஸ்ஸப் புடிக்கற அவசரத்துல ஓகேன்னு சொல்லிட்டு ஓடறவன இன்னா பண்ணுவீங்க?"

"ஒதைப்போம்."

ரூமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அப்படி ஒருத்தன் ஓகே சொல்லிவிட்டுப் போன மெஷினில்தான் எங்கள் லைன் ஆளுக்கு விரல் போனது.

"இங்கயும் அதேதான்," என்றார் அக்கா. "ஓகே சொன்னா ஒத."

அப்புறம் நான் சொன்னேன். காலையில் ஸ்டார்ட் ஆவதே இல்லை. மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் ஓடுகிறது. என் பெண் சிரித்தால் காதில் கேட்கிறது, உள்ளே இறங்கவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். வாக்கிங் போ, கோயிலுக்குப் போ, மனசைத் திடமாக வை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த காய்கறி விற்கிற அம்மா மட்டும், "எனுக்கும் காலையிலதாம்பா பேஜாரு," என்றது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் மாசக்கணக்காகக் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை என் வீட்டில் ஒருத்தர், கம்பெனியில் ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா?

எங்களில் ஒருத்தர் அத்திப்பட்டிலிருந்து வருவார். கரண்ட் உற்பத்தி பண்ணுகிற இடத்தில் நிலக்கரி இறக்குகிற வேலை. என்னைவிட மூத்தவர். வாரா வாரம் வந்து, ஓகே என்று சொல்லி, சிரித்து, திட்டு வாங்கிவிட்டுப் போவார். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிரிக்காமல், தரையைப் பார்த்தபடி சொன்னார். "அடுத்த ஞாயித்துக்கெழம வரிக்கும் இருந்தா போதும்னு ஓட்டிக்கினு கீறேன். இந்த ரூம் ஒண்ணுதான்."

அக்கா சுற்றி வளைக்காமல், சாகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். மறுநாளே அக்கா அவரை டாக்டரிடம் கூட்டிப் போனார். மருந்து மாறியது. வீட்டில் துணைக்குத் தம்பி வந்து இருந்தான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனால் ரூம் பூட்டியிருக்கிறது.

மற்ற நாளில் அங்கே டியூஷன் நடக்கும். வீட்டுக்காரர் கீழே சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். "பைத்தியங்க வந்து போற எடத்துக்குப் புள்ளைங்கள அனுப்ப மாட்டோம்ன்றாங்க. நான் இன்னா பண்றது?"

காய்கறி அம்மா விடவில்லை. "வாராவாரம் நாங்க பெருக்கிவுட்டுப் போற ரூம்லதான உன் புள்ளைங்க படிக்குது. இந்நேரம் அதுங்களுக்கும் புடிச்சிருக்குமே."

அவர் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார். அக்கா எங்களை எல்லாம் வீட்டுக்குப் போகச் சொன்னார், வேறு இடம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று.

"அத்திப்பட்டு அண்ணன் இன்னும் வரலக்கா," என்றேன்.

போன் போட்டோம். ஸ்விட்ச் ஆஃப். தம்பிக்குப் போட்டால், அவர் அப்போதே கிளம்பிவிட்டார் என்றான். வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால்? வேறு யாராவது என்றால், ஒரு ரூம்தானே, பூட்டுதானே என்பார்கள். உன் பயத்துக்கு அளவே இல்லையா என்று ஊரே கேட்ட அதே பயம், திரும்பி வந்து என்னை அந்த மாடிப்படியில் உட்கார வைத்தது. நான் உட்கார்ந்ததைப் பார்த்து அக்காவும் உட்கார்ந்தார். காய்கறி அம்மா பையைக் கீழே வைத்தது.

அவர் வந்தார். தலைக்குக் குளித்து, அயர்ன் பண்ணின சட்டை போட்டு. அந்த நிலைமையில் குளித்து வருவது எவ்வளவு பெரிய வேலை என்று எங்களுக்குத் தெரியும். மேலே பூட்டைப் பார்த்தார். சிரித்தார்.

"ஓகே ஓகே. வுடுங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

திரும்பி நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

"ஓகே சொல்லாதண்ணே," என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிசு என்று எனக்கே தெரியாது. "அந்த வார்த்தைய சொல்லாத. வந்து குந்து."

வீட்டுக்காரர் எழுந்தார். "இன்னாப்பா, என் வாசல்ல வந்து சத்தம் போடற?"

"ஹேண்டோவர் நடக்குது சார். முடிஞ்சாத்தான் போவோம்."

அவர் படிக்குக் கிட்டே வந்து நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. அத்திப்பட்டு அண்ணன் தயங்கி நின்று, பிறகு என் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"பூட்டப் பாத்ததும்," என்றார், "சரி, இதுவும் போச்சு, முடிச்சிக்கலாம்னு ஆயிட்ச்சு. நீங்க எனுக்காகக் குந்திகினு கீறது மனசுல ஏறல."

"இப்ப?"

"இப்ப பசிக்குது."

காய்கறி அம்மா பையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து உடைத்துக் கொடுத்தது. அவர் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "உனுக்கு இன்னா? சொல்லு."

"கோவமா கீதுண்ணே," என்றேன். "ரூமப் பூட்டுனவன் மேல, என் மச்சான் மேல, இன்னா கொறச்சல்னு கேட்ட எல்லார் மேலயும்."

யாரும் என்னை அமைதியாக இருக்கச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் காதில் விழுகிற தூரத்தில்தான் நின்றார்.

"மேல சொல்லு," என்றார் அண்ணன்.