நெட்டி முறிக்கும் பங்களா

திருப்பூர் மங்கலம் ரோட்டில் இருக்கும் பழைய பங்களாவுக்குள், செத்து ஐம்பது வருஷமான லிங்கசாமி தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து நெட்டி முறிக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நூல் விலை இறங்கப் போகிறது என்பதையே வருஷத்துக்கு நாலு தடவை நம்புகிற ஊர் இது. ஒரு பேயை நம்புவதற்கா யோசிக்கும்?

விசாரிக்கப் போனால் ஆளுக்கொரு லிங்கசாமியைக் காட்டினார்கள். எதிரே பேக்கரி வைத்திருப்பவர், "பேரன் பேத்தியெல்லாம் சொத்தைப் பிரிச்சாங்கள்ல, அதுல அவரு மனசு ஒடையற சத்தமுங்க" என்றார். பக்கத்து விசைத்தறிக் கொட்டகைக்காரருக்குத் தறி ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. அவர்தான் ரொம்பத் தெளிவாகக் கேட்டதாகச் சத்தியம் செய்தார்.

பங்களாவைக் கூட்டுகிற ராமுத்தாய்தான் முக்கியமான சாட்சி. சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். "கண்ணால பாக்கலண்ணே, பொய் சொல்லக் கூடாது. ஆனா டக்கு டக்குன்னு பத்து வெரலும் முறிக்காக. பதினொண்ணாவதும் கேட்டுச்சு. அது கால் வெரலா இருக்கும்."

சத்தம் நிஜம்தான். அது எங்கிருந்து வந்தது என்று துருவிக்கொண்டே போனால், விசாரணை கடைசியில் போய் முட்டிய இடம் மகுடேஸ்வரன்.

மகுடேஸ்வரன் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் மேனேஜர். பெயருக்குப் பின்னால் பட்டம் எதுவும் கிடையாது. ஒரு வாக்கியம் உண்டு. "அவரு கட்டுன பெட்டி திரும்பி வந்ததில்லீங்க." கப்பலில் போகிற பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் துணியில் பூஞ்சை பூக்கும். பூத்தால் வெளிநாட்டுக்காரன் சரக்கையும் திருப்பி அனுப்பி, நஷ்ட ஈடும் கேட்பான். இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு சரக்கு பச்சைப் பாசியோடு ஊர் திரும்பியது. அப்போது மேனேஜராக இருந்தவர் அடுத்த வாரம் மாட்டுத்தீவனக் கடையில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அன்றே மகுடேஸ்வரன் முடிவுக்கு வந்துவிட்டார்: உலகத்தில் சாத்தான் என்று ஒருவன் இருந்தால் அவன் பெயர் ஈரம்.

அன்றிலிருந்து சிலிக்கா ஜெல் அவருக்குத் திருநீறு மாதிரி ஆகிவிட்டது. புதுச் செருப்பு டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சுவதற்காக ஒரு சின்னப் பொட்டலம் கிடக்குமே, அதுதான். வீட்டுப் பீரோவில் பட்டுப்புடவைக்கு நாலு, போட்டோ ஆல்பத்துக்கு ரெண்டு, ரேஷன் கார்டுக்கு ஒன்று. "இந்த மனுசன் என்னையும் ஒரு கவர்ல போட்டு ஒட்டாம உட்டது மாரியாத்தா புண்ணியமுங்க" என்று அவர் மனைவி தெய்வாத்தாள் விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிவிட்டாள்.

அவருக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதைத் தெய்வாத்தாள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். ஊத்துக்குளியில் அவள் அண்ணன் வெண்ணெய் வியாபாரத்துக்காக எருமைப் பண்ணை வைத்திருந்தார். "அண்ணனூட்டுல ஆளு பத்தலையாமுங்க. நீங்க சும்மா கூட நின்னு பாத்துக்கிட்டாப் போதும்."

மகுடேஸ்வரன் எருமையை நினைத்துப் பார்த்தார். தொட்டியில் ஊறும், சேற்றில் படுக்கும், நின்ற இடத்தை நனைக்கும். வாழ்நாளெல்லாம் தான் எதிர்த்த அத்தனையும் நாலு காலில் நிற்பது போல அவருக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்குப் பாரம்பரியம் தேவைப்பட்டது.

கம்பெனியை இப்போது நடத்துகிறவர் முதலாளியின் மகள் யாழினி. லண்டனில் படித்துவிட்டு வந்தவர். சொந்தப் பெயரில் பனியன் விற்க வேண்டும், அதற்கு ஒரு பழங்கதை வேண்டும் என்று சொல்லிவிட்டார். தேடியதில், அம்மா வழிக் கொள்ளுத் தாத்தா லிங்கசாமி, பருத்தி வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டிய பங்களா அகப்பட்டது. முந்தின வாரம் வரை அது துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் குடோன். காலையில் வேஸ்ட் மூட்டைகள் வெளியேறின. சாயங்காலம் பாரம்பரியம் உள்ளே குடியேறியது. பனியனில் தொங்கும் டேக்கில் பங்களா படத்தை அச்சடித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, டென்மார்க்கிலிருந்து பெரிய ஆர்டர் தரக்கூடிய ஓர் அம்மா, ஆடி மாதம் நேரில் வருவதாகச் சொன்னார்.

"அங்கிள், பில்டிங் உங்க பொறுப்பு" என்றார் யாழினி. "ஃபங்கஸ் வராம வெச்சுக்கறதுல உங்களை விட்டா யாரு? அந்த விசிட் மட்டும் நல்லபடியா முடியட்டும். அப்புறம் இங்க நீங்கதான் பர்மனென்ட் கியூரேட்டர்."

கியூரேட்டர் என்றால் என்ன என்று மகுடேஸ்வரனுக்குத் தெரியாது. எருமைக்கு மேலே என்பது மட்டும் புரிந்தது. "பண்ணிப்போடலாமுங்க அம்மிணி" என்றார்.

திருப்பூரில் ஒரு மனுஷனிடம் எதைக் கொடுத்தாலும் அவர் அதை ஏற்றுமதிக்குத்தான் தயார் செய்வார். மகுடேஸ்வரன் பங்களாவைப் பேக் பண்ணினார். சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்டிருந்த துவாரங்களைச் சிமென்ட் வைத்து அடைத்தார். ஜன்னல் இடுக்குகளைச் சிலிக்கான் பசையால் ஒட்டினார். அறைக்கு ஒரு ஏசி மாட்டிப் பதினெட்டில் வைத்தார். மூலைக்கு ஒரு சிலிக்கா ஜெல் மூட்டை. தீப் பாதுகாப்பு ஆடிட்டுக்காக ஹால் நடுவில் புகை உணரும் கருவியையும் மாட்டி, அதை ஃபேக்டரி சைரனோடு இணைத்தார். பங்களாவுக்குப் பாலிதீன் கவர் போடாததற்கு ஒரே காரணம், அந்த சைஸில் கவர் கிடைக்கவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் சுவரைத் தட்டிப் பார்த்து, "கடுக்காயும் முட்டையும் போட்டு அரைச்ச சுண்ணாம்புங்க, ஏசியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ஏசிக்கு நேராகப் போய் நின்றுகொண்டார்கள்.

பூஞ்சை வரவில்லை. நெட்டிச் சத்தம் வந்தது.

ஹாலில் நிற்பவை பர்மாத் தேக்குத் தூண்கள். தொண்ணூறு வருஷமாக ஐப்பசியில் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் குடித்து, சித்திரையில் திருப்பிக் கொடுத்துப் பழகியவை. இப்போது காற்று அப்பளம் மாதிரிக் காய்ந்துவிட்டது. தூண்கள் சுருங்கின. சுருங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு 'டக்'. வாசல் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளி விழுந்தது. மகுடேஸ்வரன் ஸ்பாஞ்சு வைத்து அடைத்தார். ஈரம் கெடுக்கும் என்று படித்தவருக்கு, ஈரம் இல்லாததும் கெடுக்கும் என்ற பாடம் வரவேயில்லை. சத்தம் வந்தால் எங்கோ ஈரம் மிச்சமிருக்கிறது என்று இன்னொரு மூட்டை சிலிக்கா ஜெல் இறக்கினார். சத்தம் இரண்டு மடங்கானது. அவர் இன்னும் இரண்டு மூட்டை இறக்கினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், லிங்கசாமியின் படத்துக்கு எதிரே இருந்த தூண் பட்டென்று வாய் பிளந்தது. ஓர் ஆளின் தலை உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை விரிசல். மகுடேஸ்வரனுக்கு அது தன் முதுகெலும்பில் விழுந்த மாதிரி இருந்தது. அவர் கையிலிருந்து போகிற சரக்கில் முதல் டேமேஜ்! அவசரமாக ஷோரூமிலிருந்து ஒரு பொம்மையைத் தூக்கி வந்து, பனியன் மாட்டி, விரிசலை மறைத்து நிறுத்தினார்.

"பொம்மைய நிப்பாட்டுனா அவுக நிப்பாட்டிருவாகளாண்ணே?" என்றாள் ராமுத்தாய், விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "படத்தப் பாருங்க. கையில என்ன வச்சிருக்காக?"

படத்தில் லிங்கசாமி நாற்காலியில் சாய்ந்து, விரலிடுக்கில் சுருட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சுருட்டு நேந்துக்கங்க. கை சும்மா இருக்கப் போயித்தான நெட்டி முறிக்காக?"

"அக்கட்டால போ புள்ள. வேலையப் பாரு. பேயாம், சுருட்டாம்!" என்று விரட்டினார் மகுடேஸ்வரன்.

டென்மார்க் அம்மா வருகிற அன்று காலையிலேயே லிங்கசாமி ஆரம்பித்துவிட்டார். டக். டக். மகுடேஸ்வரன் ஏசியை இன்னும் இரண்டு டிகிரி குறைத்தார். டக். கார் கேட்டுக்குள் நுழைந்த நேரம் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. செய்தித்தாளில் போட்டிருந்ததை யாரும் படிக்கவில்லை. ஜெனரேட்டர் ஒன்றுதான். ஃபேக்டரியில் கன்டெய்னரில் ஏற்றப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். யாழினி காரிலிருந்து இறங்கிக்கொண்டே போனில் சொன்னார்: "ஃபேக்டரிக்கே குடுங்க. ஹெரிடேஜ் கொஞ்சம் வெயிட் பண்ணட்டும்."

சந்து பொந்தெல்லாம் அடைத்த பங்களா இட்லிச் சட்டி மாதிரி வேகத் தொடங்கியது. வேறு வழியில்லை. மகுடேஸ்வரன் பெட்டி பிரிக்கிற கட்டரை எடுத்து, தானே ஒட்டிய பசையைத் தானே கிழித்தார். ஊத்துக்குளியில் ஓர் எருமை தலையைத் திருப்பிப் பார்ப்பது போல இருந்தது. கடைசி ஜன்னலைத் தள்ளும்போது ராமுத்தாய் பக்கத்தில் இல்லையென்று நினைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"பெரியவரே, அந்தம்மா கெளம்பற வரைக்கும் கையக் கொஞ்சம் சும்மா வெச்சுக்குங்கோ. இதே ஹால்ல, உங்க படத்துக்கு முன்னால, ஒரு சுருட்டுப் பத்த வெக்கறனுங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் ராமுத்தாய் தொண்டையைச் செருமினாள்.

ஆடிக் காற்று உள்ளே வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைவாசனையோடு வருகிற அந்தக் காற்றுக்கு யாரும் டெண்டர் விட்டிருக்கவில்லை. சத்தம் நின்றது. ஒரு விரல்கூட முறியவில்லை. டென்மார்க் அம்மா ஹாலுக்குள் வந்து, கண்ணை மூடி, "ஆஹா" என்றார். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. யாழினி ஒரு நொடி கூடத் தயங்காமல், இதுதான் எங்கள் முன்னோர்களின் இயற்கைக் குளிரூட்டும் முறை என்று ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்துவிட்டார். கரண்ட் இல்லாமல் கிடந்த ஏசிகள் மேலிருந்து கேட்டுக்கொண்டிருந்தன.

மகுடேஸ்வரன் மூச்சு விட்டார். அந்த மூச்சோடு சேர்ந்து இன்னொரு காற்று வந்தது. பொம்மை குப்புற விழுந்தது.

விரிசல் தெரிந்தது. டென்மார்க் அம்மா அருகில் போய்க் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். இது எத்தனை காலமாக இருக்கிறது என்று கேட்டார்.

யாழினி திரும்பினார். "அங்கிள், இந்த கிராக் எப்ப இருந்து இருக்குது?"

மகுடேஸ்வரன் டேமேஜை மறைத்துப் பெட்டி கட்டிய ஆளில்லை. "அது வந்துங்க அம்மிணி... போன செவ்வா..."

"தொண்ணூறு வருஷமா" என்று யாழினி ஆங்கிலத்தில் முடித்துவிட்டார்.

சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்தால் விண்டேஜ், நூலில் முடிச்சு விழுந்தால் டெக்ஸ்ச்சர், கிழிந்தே போய்விட்டால் ஃபேஷன் என்று உலகத்துக்கே விற்ற ஊர். ஒரு தூணையா விற்க முடியாது? டென்மார்க் அம்மா விரிசலைப் படமெடுத்தார். காலம் எழுதிய கையெழுத்து என்றார். டேக்கில் பங்களா வேண்டாம், இந்த விரிசலைப் போடுங்கள். தயவுசெய்து இதை ரிப்பேர் செய்துவிடாதீர்கள் என்றார். ஆர்டர் கிடைத்தது. மகுடேஸ்வரன் கியூரேட்டர் ஆனார். தெய்வாத்தாள் அண்ணனுக்குப் போன் போட்டு, "அவருக்கு என்னமோ பெரிய வேலை குடுத்திருக்கறாங்களாட்ட இருக்குதுண்ணா. எருமைக்கு வேற ஆளு பாத்துக்கோ" என்றாள்.

கரண்ட் வந்ததும் ஏசி ஓடியது. கொஞ்ச நேரத்தில், டக். மகுடேஸ்வரன் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தார். மறுநாளும் சத்தம் வரவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. வெளியில் சொல்லவில்லை, அவர் பெயரில் அவரே நஷ்ட ஈட்டுக் கிளெயிம் போட முடியுமா? தவிர, இப்போது அந்த விரிசல் டென்மார்க் அம்மா அப்ரூவ் செய்த சாம்பிள். டேக்கில் அச்சான நீளத்துக்கு மேல் ஒரு நூலளவுகூட வளரக் கூடாது. ஆகவே சாதாரண நாளில் ஜன்னல்; ஏசி ஏன் ஓடவில்லை என்று கேள்வி வரக் கூடாதே, யாழினியின் கார் ஹாரன் கேட்டால் ஏசி. ஃபேக்டரியைச் சோதிக்க ஆடிட்டர் வரும்போது மட்டும் எல்லாருக்கும் மாஸ்க் மாட்டிப் பழகிய கைக்கு இது பெரிய வேலையா?

சிலிக்கா ஜெல் மூட்டைகளைப் பேக்கிங்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் ராமுத்தாய் விடவில்லை.

"வாக்கு குடுத்துட்டு இப்பிடி இழுத்தடிக்கீகளேண்ணே."

"சுருட்டு வாங்கிட்டேன் புள்ள. எப்படிப் பத்த வெக்கறது? மேல பாரு" என்றார். ஹால் நடுவில் அவர் மாட்டிய கருவி சிவப்பாகக் கண் சிமிட்டியது. தீக்குச்சி கிழித்தால் ஃபேக்டரியில் சைரன் அலறும். எண்ணூறு பேர் தையல் மெஷினை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார்கள். கழற்றி வைத்தால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வார். "வெளிய வாசல்ல வெச்சுப் பத்த வெச்சா ஆகாதா?"

"இதே ஹால்லன்னுல்ல சொன்னீக. நான் கேட்டேன்ல?"

போன வாரம் யாழினி விருந்தாளிகளோடு வந்தார். ஏசி ஓடியது. தூணைச் சுற்றி எல்லாரும் செல்பி எடுத்துக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஒரே ஒரு சத்தம்: டக்.

மகுடேஸ்வரன் படத்தைப் பார்த்தார். மேஜை டிராயரை லேசாக இழுத்தார். ஜிப் கவருக்குள் சுருட்டு பத்திரமாக இருந்தது. பூஞ்சை பிடிக்காமல் இருக்க, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்.

"சித்த பொறுத்துக்குங்கோ பெரியவரே" என்று முணுமுணுத்துவிட்டு டிராயரைச் சாத்தினார்.