அண்ணி போட்ட செட்டு மாத்திரை

“காய்ச்சல் வந்தப்ப என்ன மாத்திரை போட்டீங்க?” என்று டாக்டர் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணிக்குக் காய்ச்சலா? பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் எனக்குத் தெரியாமல் எப்போது வந்தது? சென்னை ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறையில் முகக்கவசத்துக்கு மேலே அண்ணியின் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. கொரோனா வந்து போனது ரத்தத்தில் தெரிகிறது என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு அவளால் மறைக்க முடியவில்லை. “செட்டுதாங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வலி ஜாஸ்தியானா மத்தியானமும் ஒண்ணு போட்டுக்குவேன்” என்றாள். டாக்டருக்குப் புரியவில்லை. அவள் பர்ஸைத் திறந்து, மிச்சம் வைத்திருந்த காகிதப் பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

எங்கள் கச்சிராயபாளையம் பக்கம் உடம்பு வலி, காய்ச்சல் என்றால் நேரே மெடிக்கலுக்குப் போய் “ஒரு செட்டு குடுங்க” என்போம். பல நிறத்தில் நாலைந்து மாத்திரைகளை வெட்டி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்துக் கொடுப்பார்கள். எந்த மாத்திரை எதற்கு என்று நாங்கள் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. கரும்பு வெட்டிவிட்டு வருகிறவர்கள் மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே என்று டீ குடிக்கிற மாதிரி அதை வாங்கிப் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். யாருக்கும் அது மருந்தாகவே தோன்றியதில்லை.

என் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, கள்ளக்குறிச்சிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த காலம் அது. சிறுநீரகம் கொடுக்க எனக்கு ரத்த வகை சேரவில்லை. அண்ணிக்குச் சேர்ந்தது. சேர்ந்தது தெரிந்த அன்று தெருவுக்கே கேசரி கொடுத்தவள் அவள். ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு ஊரடங்கு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. சென்னை ஆஸ்பத்திரி முழுவதும் கொரோனா நோயாளிகள், இந்த மாதிரி ஆபரேஷனெல்லாம் இப்போதைக்கு நிறுத்தம் என்று போனில் சொன்னார்கள். பஸ்ஸும் இல்லை. போலீஸ் நிறுத்துகிற இடத்திலெல்லாம் கையில் ஊசி குத்திய இடத்தைக் காட்டிக் காட்டி அண்ணன் வண்டியில் போய்வந்தான். பல மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். பரிசோதனைக்கு வரச் சொல்லிவிட்டு, அதுவரை யாருக்கும் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் உங்கள் தேதி தள்ளிப்போகும் என்றார்கள். நல்லதற்குத்தான் சொன்னார்கள். அண்ணியின் காதில் அது மிரட்டலாக விழுந்திருக்கிறது. காய்ச்சல் வந்ததும் வாய் திறக்காமல், வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லி, வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குள் தனியாகப் படுத்துக்கொண்டு, அண்ணன் பக்கமே வராமல் நாளெல்லாம் செட்டு செட்டாக விழுங்கியிருக்கிறாள். அவள் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நான்கூட அண்ணனைக் கிண்டல் செய்தேன்.

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு மாத்திரையை விரலால் ஒதுக்கினார். வலிக்கானது, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, காய்ச்சலில் தண்ணீரும் இறங்காத உடம்புக்குள் இத்தனை போயிருக்கக் கூடாது என்றார். திட்டவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள், சிறுநீரகம் கெட்டதால் ரத்தத்தில் ஏறியிருந்த உப்பின் அளவு இறங்கவில்லை. “உங்க கிட்னி இனிமே உங்களுக்கே வேணும்மா. குடுக்க முடியாது” என்றார். யாருக்காகப் பொத்திப் பொத்தி வைத்தாளோ, அவனுக்காகவே அதைக் கெடுத்துக்கொண்டாள்.

அண்ணன் அப்போது வேறு மாடியில் டயாலிசிஸில் படுத்திருந்தான். வராந்தாவில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவருகிட்ட சொல்லிடாத பாப்பா. என்னால இவ கெட்டாளேன்னு மனசு வுட்டுடுவாரு. அப்புறம் ஊசி குத்திக்கவே போவமாட்டாரு” என்றாள். அப்புறம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். அவள் படியேறிப் போய் அவன் கட்டிலருகே நின்று, “எனக்கு பயமா இருக்குதுங்க. என்னால முடியாது” என்றாள். அண்ணன், “கோழி அறுத்தாலே கண்ண மூடிக்கிறவ, உன்னப் போயி கத்திக்கு இட்டாந்தேன் பாரு. வுடு, அழுவாத” என்றான்.

இறந்தவர்கள் தரும் சிறுநீரகத்துக்குப் பெயரைப் பதிந்துவைத்தோம். அந்த நாட்களில் அந்த வரிசை நகரவேயில்லை. கொடுக்கக்கூடியவர்கள் இறந்தாலும் கொரோனா இருந்ததா இல்லையா என்ற கேள்வியிலேயே நேரம் போய்விடும் என்றார்கள். அலை ஓய்ந்த பிறகும் எங்கள் முறை வரவில்லை. அண்ணன் மட்டும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எங்கூட்டுக்காரிக்கு ஊசின்னாலே பயம்” என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அவள் காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்கு அவர்கள் இருவர் மேலும் கோபம் வரும்.

போன தை மாதம் அண்ணன் போய்விட்டான். சாவு வீட்டில் எங்கள் பெரியம்மா எல்லோர் முன்னாலும் அண்ணியின் முகத்துக்கு நேரே கேட்டாள். “ஒண்ணக் குடுத்திருந்தா எம்புள்ள இன்னிக்கு உக்காந்துகினு இருந்திருப்பான். அப்பிடி இன்னாடி உனுக்கு பயம்?”

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அண்ணி என் முழங்காலை அழுத்திவிட்டு, “ஆமாங்க அத்த, பயந்துட்டேன்” என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவளைப் பிடித்துக்கொண்டேன். “அவன்தான் போயிட்டானே அண்ணி. இனிமேலும் இன்னாத்துக்கு இந்தப் பொய்?”

“பொய் இன்னா பாப்பா இருக்குது?” என்றாள். “ஆபரேஷன் தேதி தள்ளிப் போயிடுமோன்னு பயந்தேன்ல.”