முகம் திருப்பிக் கட்டிய மாலை

பூக் கட்டும்போது பாப்பம்மாள் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொள்வாள். விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்; கண் பஸ்களையும் போகிற வருகிற ஆட்களையும் பார்த்துக்கொண்டிருக்கும். சாமிக்குப் போகிற பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது, அதன்மேல் மூச்சுக்காற்றுகூடப் படக் கூடாது என்று நினைப்பவள் அவள். அது தெரியாதவர்கள், யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"யாரு அக்கா வரப்போறது? மாப்பிள்ளையா?" என்று கடைக்காரர் கதிரேசன் கேட்பார்.

"வந்தா உங்ககிட்ட சொல்லாமலா போயிருவேன்?"

பல வருஷமாக அதே கேலி, அதே பதில். சில நாள்களில் பொழுது சாய்கிறவரை அவள் பேசிய பேச்சே அவ்வளவுதான்.

கதிரேசனின் பூக்கடை சிராங்கூன் ரோட்டில், பழைய அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாப்பம்மாள் மார்சிலிங்கிலிருந்து ரயிலேறி, நியூட்டனில் மாறி வருவாள். கணவர் ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. வீட்டில் டிவி பேசும், இவள் கேட்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு அம்மனுக்குச் சாத்துகிற மாலை இந்தக் கடையிலிருந்துதான் போகும். அதை அவளைத் தவிர வேறு யாரும் கட்டியதில்லை. சம்பங்கியும் அரளியும் ரோஜாவும் வைத்துக் கனமாகக் கட்டி அனுப்பிவிட்டு, கை கழுவி, கோயில் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நிற்பாள். திரை விலகும்போது அம்மன் தோளில் அந்த மாலை இருக்கும். பார்த்துவிட்டு ரயிலுக்குப் போவாள். தனக்கென்று அவள் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

கோயிலைப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் கோபுரத்தை எடுத்த கையோடு அவளையும் படம் எடுப்பார்கள். எந்த ஊர் ஆல்பத்திலெல்லாம் அவள் இருக்கிறாளோ, எல்லாவற்றிலும் காதும் கன்னமும்தான் இருக்கும்.

இளமதி அப்படி எடுத்துவிட்டுப் போகிறவளாக இல்லை. இந்த ஊர்ப் பெண்தான். பழைய கோட்டை, பழைய கோயில் என்று நாடு நாடாகச் சுற்றி, அவற்றின் வாசலில் விற்பவர்களைப் படமெடுத்து, ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அவர்கள் கதையை எழுதி இணையத்தில் போடுகிறவள். முதல் நாளே பூ வைக்கும் காலி வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாரும் கோபுரத்த எடுக்கறாங்க ஆன்ட்டி. நான் வாசல்ல இருக்கறவங்கள எடுக்கறேன்."

"வாசல்ல என்ன இருக்கு? நாந்தான் இருக்கேன்."

"அதான் வேணும் எனக்கு."

அடுத்த நாளும் வந்தாள். பாலும் சர்க்கரையும் போடாத தேநீர்தான் பாப்பம்மாள் குடிப்பாள் என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டு, "தே ஓ கொசோங்" என்று சொல்லியபடியே வாங்கி வந்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா."

"அப்ப யார்கூட பேசுவீங்க?"

பாப்பம்மாள் சிரித்தாள். "பூகூடதான்."

மூன்றாம் நாள் அவள் சாலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது மூச்சுக்காக மட்டும் இல்லை. கதிரேசன் வழக்கமான கேலியைக் கேட்டபோது, காலி வாளி ஒன்றைப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

படமெடுக்க வந்த கடைசி நாள் இளமதி கேமராவைத் தட்டித் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "எதுலயும் உங்க முகமே இல்ல ஆன்ட்டி. ஒரே ஒரு தடவ பூவ முகத்துகிட்ட வச்சு, கண்ண மூடுங்க. ப்ளீஸ்."

பாப்பம்மாள் தயங்கினாள். பிறகு மாலையைத் தள்ளி வைத்துவிட்டு, பெண்கள் தலைக்கு வாங்கும் மல்லிகைச் சரம் ஒன்றை எடுத்தாள். தலைப் பூவை முகரலாம், தப்பில்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பூவுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த வாசனை புதிதாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து லீலா வந்தாள். சுவா சூ காங்கிலிருந்து வெள்ளிதோறும் வந்து வீட்டுச் சாமிக்குப் பூ வாங்கிப் போகிறவள். கையில் போன்.

"என்னக்கா இது?"

படத்தில் பாப்பம்மாள் கண்மூடிப் பூவை முகர்ந்துகொண்டிருந்தாள். பின்னால் மாலைகள் தொங்கின. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை லீலா தமிழில் சொன்னாள்: வீட்டில் பேச ஆளில்லாத இந்தப் பெண், ஒவ்வொரு மாலையையும் முகர்ந்து, தன் மூச்சை அதில் வைத்துச் சாமிக்கு அனுப்புகிறாள்.

"ஐயோ, அது தலைக்கு வைக்கிற சரம்மா. மாலைய நான் முகருவேனா?"

"நான் நம்புறேன்கா. எங்க மாமியார் நம்பணுமே. குடும்ப குரூப்ல போட்டதே அவங்கதான்." லீலா பூ வாங்காமல் எதிர்க் கடைக்குப் போனாள்.

அவள் மட்டும் இல்லை. ஒவ்வொருவராக வந்து போனை நீட்டினார்கள். கதிரேசன்தான் இளமதியின் எண்ணைப் போட்டுக் கொடுத்தார்.

"ஆன்ட்டி! எவ்வளோ பேர் பாத்திருக்காங்க தெரியுமா? அழுததா எழுதியிருக்காங்க!"

"அது சாமிக்கு இல்லம்மா. சாமி பூவ முகரக் கூடாது."

"எனக்குத் தெரியாது ஆன்ட்டி. யாரும் சொன்னதில்ல. அழகா இருக்கும்னு நெனச்சு எழுதிட்டேன்."

"அழகாத்தான் இருக்கு."

"எடுத்துறவா? படத்தையே எடுத்துறவா?"

பாப்பம்மாளிடம் வேறு படம் இல்லை. முகம் தெரிகிற மாதிரி யாரும் எடுத்ததில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி சாலையைப் பார்த்தாள்.

"எடுத்துரும்மா."

"சாரி ஆன்ட்டி. அடுத்த மாசம் கண்டிப்பா வந்து பாக்கறேன்."

இளமதி சொன்னபடி படத்தை இணையத்திலிருந்து நீக்கிவிட்டாள். ஆனால் அதற்குள் படம் எத்தனையோ போன்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த வாரம் கதிரேசன் கேலி எதுவும் பேசவில்லை. வியாழக்கிழமை பிடரியைத் தடவிக்கொண்டே வந்தார். "அக்கா, உங்க மேல தப்பு இல்ல. எனக்குத் தெரியும். ஆனா வர்றவங்க வாய அடைக்க முடியல. கொஞ்ச நாளைக்குத் தலைப் பூ பக்கம் உக்காந்துக்குங்க லா."

"வெள்ளிக்கிழமை அம்மன் மாலை?"

"அதையும் வேற ஆள் கட்டட்டும்க்கா."

அந்தக் கொஞ்ச நாள் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. எடுத்த படங்கள் எல்லாம் ஒரு கண்காட்சியில் இருக்கின்றன என்று இளமதி ஒருமுறை செய்தி அனுப்பினாள். இந்தப் படம் அதில் இல்லை. அவள் வரவும் இல்லை. லீலா எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால், தலைக்கு ஒரு முழம் வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டுப் போகிறாள்.

பாப்பம்மாள் கடையின் உள் ஓரத்தில் உட்கார்ந்து மல்லிகைச் சரம் மட்டும் கட்டுகிறாள். தலைப் பூவுக்கு முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை. திருப்பினாலும் அங்கிருந்து சாலை தெரியாது, சுவர்தான். ஆனாலும் திருப்பிக்கொள்கிறாள்.

வெள்ளிக்கிழமை அம்மன் மாலையைத் திருவாரூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஒருவர் கட்டுகிறார். நன்றாகவே கட்டுகிறார். பாப்பம்மாள் கோயில் வாசலுக்குப் போவதில்லை, சீக்கிரமாக ரயிலேறிவிடுகிறாள்.