தோரல் கப்பலில் வெட்டிய பெயர்

வெள்ளிக்கிழமை காலையில் இட்லிச் சட்டி அடுப்பை விட்டு இறங்கியதும் விசாலம் ஆச்சி மூன்றாவது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கையில் கணவரின் பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணி, சின்னப் பிள்ளைகளின் பல்துலக்கி ஒன்று. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு, குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸே தீப்பற்றினாலும் அவரைக் கூப்பிடக் கூடாது. அறுபத்து நான்கு வயதில் ஆச்சி அங்கே விண்வெளிக் கப்பல்களுக்குத் தூசி துடைத்துக்கொண்டிருப்பார். கணவர் சாத்தப்பன் வெளியே காப்பியை ஆற்றியபடி நாளிதழ் படிப்பார். யாராவது போனில் கேட்டால், "ஆச்சி ஆபீஸ்ல இருக்காக" என்பார்.

அந்த அறையில் சுவரோரமாக இரும்பு அலமாரிகள். கீழ்த்தட்டுகளில் எவர்சில்வர் தூக்குகள், பித்தளை அண்டா, இடியாப்பக் கட்டை, வடிதட்டு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பதினோரு சம்படங்கள். தேவகோட்டையில் விசாலத்தின் அப்பா வாங்கிக் கொடுத்து, கல்யாணச் சீராகக் கப்பலேறி மலேசியாவுக்கு வந்தவை. பாதிக்கு மேல் இன்னும் அடுப்பைப் பார்க்காதவை. எதைத் திருப்பிப் பார்த்தாலும் விளிம்பில் 'மெ.அரு.சாத்.' என்று வெட்டியிருக்கும். அது சாத்தப்பன் வீட்டு விலாசம். செட்டியார் வீடுகளில் தாத்தா, அப்பா, மகன் பெயர்களின் எழுத்துகளைக் கோத்துக் குடும்பத்துக்கென்று வைத்துக்கொள்வது. கடைப் பலகையிலிருந்து கரண்டிக் காம்பு வரை அதுதான் பெயர்.

மேல்தட்டுகளில் கதையே வேறு. போர்க்கப்பல், சரக்குக் கப்பல், உடைந்த சிறகோடு ஒரு வேவுக் கப்பல், மூன்று கால் எந்திரங்கள் இரண்டு டஜன், கவசம் போட்ட சிப்பாய்கள் ஒரு படை. எல்லாம் 'வெலோரா' படங்களின் பொம்மைகள். ஒவ்வொன்றின் அடியிலோ விலாவிலோ ஒரே ஒரு சொல் வெட்டியிருக்கிறது: விசாலம்.

வெலோரா தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்பது படங்கள், ஒன்பது வம்சங்கள், நடுவில் எரிந்துகொண்டிருக்கும் ஒரு சூரியன், அதற்கு யார் சொந்தக்காரர் என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை. உலகம் முழுக்க இதற்குப் பைத்தியங்கள் உண்டு. அதைப் பற்றித் தடி தடியாகப் புத்தகம் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆச்சியைக் கேட்டால் இரண்டே வரியில் முடித்துவிடுவார். "பங்காளிச் சண்டைதேன். நம்ம ஆளுக கோர்ட்டுக்குப் போவாக, அங்கின குண்டு போடுறாக." ஆனால் எந்த வம்சத்துக்கு எந்தக் கொடி, யார் யாருக்குச் சித்தப்பன், எந்தக் கோளில் எந்தக் கல்யாணம் நின்றுபோனது என்று கேட்டுப் பாருங்கள், மத்தியானச் சோற்றுக்கு நீங்கள் அங்கேதான் உட்கார வேண்டியிருக்கும்.

முதல் படத்தை அவர் பார்த்தது எண்பத்து மூன்றில், கிள்ளானில். மலேசியாவுக்கு வந்து இரண்டு வருடம். ஆங்கிலம் அரைகுறை, மலாய் அதிலும் குறை. சாத்தப்பன் பாதிப் படத்தில் தூங்கிவிட்டார். ஆச்சிக்கு வசனம் ஒன்றும் பிடிபடவில்லை. மரேன் என்ற பெண் கேப்டன் மட்டும் பிடிபட்டாள். அவளுடைய கப்பல் தோரல், கருநீலத்தில் பெரிய திமிங்கிலம் போல வரும். அதன் கதவு அவள் உள்ளங்கை பட்டால் மட்டுமே திறக்கும். தளபதி வந்து தட்டுகிறான், திறக்கவில்லை. ராஜா வந்து தட்டுகிறான், திறக்கவில்லை. அவள் வந்து கையை வைக்கிறாள், கதவு விலகுகிறது. "எனக்கு அழுகை வந்திருச்சு. என்னத்துக்குன்னு அப்பத் தெரியலை" என்பார் ஆச்சி. இப்போது தெரியுமா என்று கேட்டால் துணியை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

அந்த வருடம்தான் அவர் வீட்டை எதிர்த்துக்கொண்டு ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தது. முதல் சம்பளம் கைக்கு வந்த அன்று நேரே அந்தத் தியேட்டருக்குப் போனார். படம் ஓடி முடிந்திருந்தது. முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் இரும்பில் வார்த்த தோரல் கப்பல் ஒன்றே ஒன்று விற்காமல் கிடந்தது. சம்பளத்தில் பாதிக்கு மேல் போயிற்று.

"இதை வாங்கி என்ன செய்ய?" என்று கேட்டார் சாத்தப்பன்.

"வைக்க" என்றார் ஆச்சி.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் பாத்திரக் கடைக்குப் போனார். சாமான் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குள் வைப்பது அவருக்குத் தெரியாத பழக்கம். பெயரில்லாத சாமான் ஒரு விசேஷ வீட்டுக்குப் போனால் திரும்பி வராது என்று அவர் வளர்ந்த வீட்டில் பெட்டி பெட்டியாகப் பெயர் வெட்டித்தான் அடுக்குவார்கள். கடையில் அப்போது நாகையா இளவட்டம். உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டுவார். கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வெளையாட்டுச் சாமானாச்சே, ஆச்சி?"

"கூலி குடுக்குறது நானு. வெட்டுங்க."

"மெ.அரு.சாத். தானே?"

"விசாலம்னு வெட்டுங்க."

நாகையா நாலு எழுத்தையும் வெட்டிவிட்டு, உளியைப் பிடித்தபடி மேலே என்ன என்று காத்திருந்தார். "அம்புட்டுத்தேன்" என்றார் ஆச்சி. கருநீலப் பெயிண்ட் உதிர்ந்து உள்ளே இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. முந்நூறு சாமான் இருந்த வீட்டில் அவர் பெயர் தாங்கிய முதல் சாமான் அது. வீட்டுப் பத்திரம், தண்ணி பில், கார், கல்யாண ஆல்பத்தின் அட்டை என்று எதிலும் அவர் பெயர் இல்லை. இதை ஒரு குறையாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. பொம்மைகளில் வெட்டிக்கொண்டே போனார்.

இது எப்பேர்ப்பட்ட பாவம் என்று அவருக்குத் தெரிய முப்பது வருடம் ஆயிற்று. பொம்மை சேகரிக்கிறவர்கள் உலகத்தில் பெட்டியைப் பிரித்தாலே முகம் சுளிப்பார்கள்; கைரேகை பட்டாலே மதிப்புக் குறைந்தது என்பார்கள். இவர் உளியை வைத்துக் கொத்தியிருக்கிறார். கிள்ளான் பள்ளத்தாக்கு வெலோரா மன்றத்தின் கூட்டத்துக்கு முதன்முதலில் தோரலைக் கூடையில் வைத்து, மேலே முறுக்குப் பொட்டலம் போட்டு எடுத்துப் போனபோது, இளைஞர்கள் சுற்றி நின்று செத்த வீட்டில் நிற்பது போல நின்றார்கள். இந்த நாட்டிலேயே மூன்றோ நாலோதான் மிச்சம் என்றான் ஒருவன். "ஆன்டி, யார் இப்டி பண்ணது?" என்று மெதுவாகக் கேட்டான் இன்னொருவன். "நாந்தேன்" என்றார் ஆச்சி. "முறுக்கு எடுத்துக்கங்க."

மன்றத் தலைவர் டேரன் நல்ல பிள்ளை. கிள்ளானில் பிறந்தவர், கணினி வேலை, ஞாயிறு தவறாமல் மெதடிஸ்ட் தேவாலயம். ஆச்சியை மன்றத்தில் சேர்த்துக்கொண்டதும் அவர்தான். வெலோராவின் நாற்பதாண்டு விழாவுக்குச் செராஸ் பேரங்காடி ஒன்றில் கண்காட்சி வைப்பதென்று முடிவானதும் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஆன்டி, சென்டர் கேஸ் ஆன்டியோட தோரலுக்குத்தான். நடு ஹால்ல, லைட் போட்டு. ஒரே ஒரு விஷயம். காஜாங்ல ஒரு அண்ணே இருக்காரு. அந்த எழுத்தை ஃபில் பண்ணி, அதே கலர் அடிச்சிருவாரு. ஒண்ணுமே தெரியாதுலா. காசு மன்றம் குடுக்கும்."

"தெரியலைன்னா அது யாரு கப்பலு?"

"ஆன்டி கப்பல்தான். எங்களுக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரியும். நாளைக்கு?"

டேரன் நெற்றியைத் தேய்த்தார். எழுத்தோடு வைத்தால் கண்காட்சி விதிப்படி அது சேதமான பொருள், பின் மேசையில்தான் வைக்க முடியும் என்றார். ஆச்சி பழத்தை நறுக்கித் தட்டில் வைத்து அவர் முன் நகர்த்தினார்.

"தம்பி, நீ ஆறாவது படம் பார்த்தியா? அதுல மரேன் இருக்கா. ஆனா ஒரு ஆளு அவ பேரைச் சொல்லலை. கல்யாணம் ஆயிருச்சாம், அதனால 'அந்த வம்சத்து மருமக'ங்கிறாக, 'அவரு சம்சாரம்'ங்கிறாக. ரெண்டரை மணி நேரம் படம். ஒரு தடவை மரேன்னு வாய்விட்டுச் சொன்னா இவுக நாக்கு அழுகியா போயிரும்? நான் பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். அந்தப் படத்துப் பொம்மை ஒண்ணு இந்த வீட்டுல கெடையாது, போய்ப் பாரு. அவுக பண்ணின வேலையை என்னையே என் கப்பலுக்குப் பண்ணச் சொல்ற."

டேரன் பழத்தைத் தின்றுவிட்டுப் போனார். நாலு நாள் கழித்துப் போன் வந்தது. பெயிண்ட் வேண்டாம், அப்படியே வைக்கலாம், நடுப் பெட்டியிலேயே வைக்கலாம். ஆச்சி அன்று சாத்தப்பனுக்குக் கேட்காமலே இரண்டாவது காப்பி போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் மன்றத்து ஆட்கள் வந்து தோரலைப் பஞ்சுப் பெட்டியில் எடுத்துப் போனபோது ஆச்சி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். அவர்கள் நீட்டிய படிவத்தைச் சாத்தப்பன் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு இருவரும் செராஸ் போய் இறங்கினார்கள். ஆச்சி பட்டுச் சேலைக்கு மேலே மன்றத்தின் கறுப்பு டி-ஷர்ட்டைப் போட்டிருந்தார். பேரங்காடிக் கூடம் ஜே ஜே என்றிருந்தது. வெலோரா வேஷம் கட்டிக் கவசம் அணிந்த சிப்பாய்கள் கையில் குளிர்பானத்தோடு வரிசையில் நின்றார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வெளிச்சத்தில் தோரல். ஆச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

கப்பலின் விலாவில் பெயர் வெட்டியிருந்த இடத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு, அளவாக வெட்டி, நேர்த்தியாக ஒட்டியிருந்தது. கீழே அட்டையில் கொட்டை எழுத்தில் உரிமையாளர் பெயர்: மெ.அரு.சாத். குடும்பத்தார்.

டேரன் ஓடி வந்தார். "ஆன்டி, டேப் ஈசியா வந்துரும், பெயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. சிங்கப்பூர்ல இருந்து பெரிய கலெக்டர் வர்றாரு, ஃபோட்டோவுக்கு மட்டும்தான். ஒரு நாள்தான்லா."

"இந்த அட்டை?"

"அங்கிள் ஃபார்ம்ல எழுதினதுதான் ஆன்டி பிரிண்ட் பண்ணோம்."

ஆச்சி திரும்பிப் பார்த்தார். சாத்தப்பன் கண்ணாடியைக் கழற்றி அட்டையைப் படித்தார். மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"ஓனர்னு கேட்டிருந்துச்சு விசாலம். நான் யோசிக்கவே இல்லை. கை அதும்பாட்டுக்கு எழுதிருச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அது ஆச்சிக்கும் தெரியும். யோசித்து எழுதியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். யோசிக்காமல் எழுதியதுதான் ஆச்சியைச் சுட்டது.

"சாவியக் குடு தம்பி."

"ஆன்டி, கெஸ்ட் கீழ கார் பார்க்ல வந்துட்டாரு. ஒரு நாள் மட்டும்..."

"நாப்பது வருஷம் பொறுத்தாச்சு. இனி ஒரு நாள் முடியாது. சாவி இல்லைன்னா கப்பலைத் தூக்கிட்டு நான் கெளம்புறேன். சிங்கப்பூர்க்காரருக்கு வெறும் பொட்டியக் காட்டு, லைட்டு நல்லா இருக்கு."

குரலை உயர்த்தவில்லை, பாலர் பள்ளியில் முப்பது பிள்ளைகளை உட்கார வைத்த குரல் அது. சிப்பாய்கள் குளிர்பானத்தை உறிஞ்சுவதை நிறுத்தினார்கள். டேரன் யாரையும் பார்க்காமல் சாவியை எடுத்து நீட்டினார்.

ஆச்சி பெட்டியைத் திறந்தார். நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பி, பெயிண்ட் உரியாமல் மெல்ல மெல்ல இழுத்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தார். டேப் அவர் விரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை எங்கே எறிவது என்று பார்ப்பவர் போலச் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குனிந்து, அட்டையில் உரிமையாளர் பெயருக்கு மேலே அதை ஒட்டினார்.

சாத்தப்பன் கிட்டே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அட்டையை உற்றுப் பார்த்தார்.

"கோணலா ஒட்டியிருக்க. இந்தப் பக்கம் 'சாத்.' இன்னும் தெரியுது" என்றார்.

ஆச்சி டேப்பை உரித்து எடுத்தார். நேராக்கி, அந்த எழுத்தையும் சேர்த்து மூடி ஒட்டி, ஓரம் கிளம்பாதபடி கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தார்.